கொட்டேஷனில் மரத்தின் பெயரை எழுதுங்கள்

கிள்ளான் பள்ளத்தாக்கில் வீட்டு உள்அலங்காரமும் சீரமைப்பு வேலையும் செய்யும் நம் தமிழ்த் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

வணக்கம். நான் கோலாலம்பூர் செந்தூலில் மரத்தரை வேலையைக் குத்தகை எடுத்துச் செய்கிறவன். புதுப் பலகை பதிப்பது, சிறு மரத்துண்டுகளைப் பதித்த பழைய பார்க்கே தரையை இழைத்து மெருகேற்றுவது, இருபத்தாறு வருடமாக இதுதான் என் பிழைப்பு. உங்களில் பலர் எனக்கு வேலை கொடுத்தவர்கள். சிலருடைய கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வந்து சாப்பிட்டிருக்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

நான் கேட்பது இதுதான். வீட்டுக்காரர் "மரத்தரை போடணும்" என்று சொன்னதும் நீங்கள் திறந்து காட்டும் சேம்பிள் பெட்டியில் நம் நாட்டு மரம் முதல் வரிசையில் இருக்க வேண்டும். கொட்டேஷனில் அந்த மரத்தின் பெயர் இருக்க வேண்டும். எங்கிருந்து வந்தது என்பதற்குத் தாள் இருக்க வேண்டும்.

இப்போது என் கைக்கு வரும் கொட்டேஷன்களில் என்ன இருக்கிறது? "வால்நட் ஃபினிஷ், 12 மில்லி." "நேச்சுரல் ஓக் லுக்." "டார்க் வுட்." இவை எல்லாம் நிறத்தின் பெயர்கள். ஒரே "வால்நட்" என்ற பெயரில் ஒரு வீட்டுக்கு லேமினேட் வந்து இறங்கியது, இன்னொரு வீட்டுக்குச் சாயம் பூசிய ரப்பர் மரம் வந்தது. லேமினேட் என்பது அழுத்திய மரத்தூள் பலகையின் மேல் மரத்தின் படத்தை ஒட்டியது. இப்போது எங்கே பார்த்தாலும் போடுகிற எஸ்பிசி, கல்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது. கையில் காசு குறைவாக இருக்கும் குடும்பம் அதைப் போட்டுக்கொள்வதில் எந்தக் குறையும் கிடையாது, தண்ணீருக்கும் அது நன்றாகத் தாங்கும். ஆனால் மரத்துக்கு உரிய விலையைக் கொடுக்க ஒருவர் முன்வரும்போது, எந்த மரம் என்று சொல்லாமல் அவரிடம் விற்பது சரியில்லை. புடவை எடுக்கப் போனால் பட்டா பாலியெஸ்டரா என்று நூலைப் பிரித்துப் பார்க்கிற சனம் நாம். முப்பது வருடம் கால் பதியப் போகிற தரையை மட்டும் படம் பார்த்து வாங்க வைக்கிறோம்.

ஒரு வீட்டுக் கதையைச் சொல்கிறேன். மோண்ட் கியாரா பக்கம் ஒரு கொண்டோ, இளம் தம்பதி, அவர்களுடைய முதல் வீடு. கூடத்துக்கும் படுக்கையறைக்கும் ஐரோப்பிய ஓக், முழுப் பலகையாகவே போட்டிருந்தார்கள். போட்டது நான் இல்லை, மூன்று மாதம் கழித்துத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். உள்ளே நுழைந்து செருப்பைக் கழற்றியதுமே காலுக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு பலகையும் இரண்டு ஓரமும் தூக்கி, நடுவில் குழிந்து, நீளமான ஓடு மாதிரி கிடந்தது. பால்கனிக் கதவருகே நான்கைந்து பலகை தரையை விட்டே எழும்பி நின்றது. அந்தப் பெண் கீழே உட்கார்ந்து ஓரங்களை விரலால் தடவிக்கொண்டே, "அண்ணே, நாங்க என்ன தப்புப் பண்ணோம்? நான் துடைக்கக்கூட ஈரத்துணி போடலையே" என்று கேட்டார். அவர் ஒரு தப்பும் செய்யவில்லை.

மரம் வெட்டின பிறகும் காற்றில் இருக்கும் ஈரத்தை வாங்கும், விடும். குளிர்நாட்டு வீட்டில் ஹீட்டர் போட்டு உள்காற்று வறண்டு கிடக்கும். அந்த வீட்டுக்காக உலர்த்திய பலகையில் ஈரம் 6 முதல் 9 விழுக்காடு வரைதான் இருக்கும். நம் ஊரில் சன்னலைத் திறந்து வைத்திருக்கும் வீட்டில் மரம் 14, 15 விழுக்காட்டில்தான் போய் நிற்கும். நாள் முழுக்க ஏர்கண்டிஷன் ஓடும் அறையில் 10 முதல் 12 வரை. உலர்ந்து வந்த பலகை இங்கே வந்ததும் அந்த வித்தியாசத்தைக் குடித்து உப்பும். நீளவாக்கில் அநேகமாக ஒன்றும் ஆகாது, அகலவாக்கில்தான் உப்பும். நான்கு மீட்டர் அகலமுள்ள அறையில் எல்லாப் பலகையும் சேர்ந்து உப்புவதைக் கூட்டிப் பார்த்தால் சில சென்டிமீட்டர் வரும். அது போவதற்குச் சுவரோரம் இடம் விடவில்லை என்றால் மேலேதான் எழும்பும். அந்த வீட்டில் இடைவெளியும் விடவில்லை, சிமெண்டுத் தளமும் முழுசாகக் காயவில்லை. மேலே காற்று ஈரம், கீழே தளத்து ஈரம், நடுவில் தவித்தது பலகை.

இதைச் சொன்னதும், உள்ளூர் மரம் போட்டால் எழும்பவே எழும்பாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கெம்பாஸ் என்ற நம் ஊர் மரமும் சரியாக உலர்த்தாவிட்டால் இதே மாதிரி எழும்பும், வெடிக்கும், நானே பார்த்திருக்கிறேன். ஓக் நல்ல மரம்தான். அடியில் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கு ஒட்டி வருகிற ஓக் பலகை இங்கேயும் ஓரளவு நிலையாகக் கிடக்கும். ஆனால் நம் ஊர் மரத்தை நம் ஊர்ச் சூளையில், நம் ஊர்க் காற்றுக்கு ஏற்ற மாதிரி உலர்த்தி வாங்க முடியும். அறுப்பு ஆலைக்கு நேரே போய் ஈரம் அளக்கும் மீட்டரை வைத்துப் பார்க்கலாம். நான்கு பலகை சரியில்லை என்றால் மறுநாளே திருப்பிக் கொடுக்கலாம். பத்து வருடம் கழித்து ஒரு மூலையில் பலகை மாற்ற வேண்டும் என்றால் அதே மரம் அதே ஊரில் கிடைக்கும். கப்பலில் வந்த பலகைக்கு அந்த ரகமே நின்றுபோயிருக்கும். அப்படி நின்றுபோய், ஒரு முழு அறையையே பெயர்த்துப் போட்ட வீடுகள் எனக்குத் தெரியும்.

சரி, நம்மிடம் என்னென்ன மரம் இருக்கிறது? தரைக்குச் சொல்கிற பெயர்கள் நாலைந்துதான்.

கெம்பாஸ் தரைக்கு நன்றாக உழைக்கும். அறுத்தவுடன் இளஞ்சிவப்பாக இருக்கும், வெளிச்சம் பட்டுப் பட்டு ஆரஞ்சுச் சிவப்புக்கு மாறும். இந்த நிற மாற்றத்தை வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாய் விரித்த இடம் மட்டும் வெளுப்பாக நிற்கும், பிறகு உங்களைத்தான் கூப்பிட்டுக் கேட்பார்கள். பாலாவ் கனமான மரம், வெளிப்பக்கத் தளத்துக்கு நல்லது. செங்கால் எல்லாவற்றுக்கும் மேல். மருந்து எதுவும் இல்லாமலே கரையானுக்கும் மழைக்கும் நிற்கிற மரம் அது. திரெங்கானுவில் படகு கட்டியதே செங்காலில்தான். ஆனால் அது தீபகற்ப மலேசியாவிலும் தென் தாய்லாந்திலும் மட்டும் வளர்கிற மரம், வளர்ச்சியும் மிக மெதுவு. படுக்கையறைக்குப் புதுச் செங்கால் வேண்டும் என்று கேட்கிறவரிடம் நான் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். பழைய செங்கால் கிடைத்தால் போடலாம், அதற்குப் பிறகு வருகிறேன்.

மெர்பாவ் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். 2019-இல் நம் தேசிய மரமாக அறிவித்த மரம் அது. போன மாதம் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பழைய தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீடு. பாட்டி காலமாகி, பேரன் குடிவருகிறார். கூடத்தில் லினோலியம் விரிப்பு. "அதைக் கிழித்துவிட்டு டைல்ஸ் போட்டுடலாம்னு டிசைனர் சொன்னாங்க" என்றார். ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் விரல் நீளத் துண்டுகளாகப் பதித்த பார்க்கே, கறுத்து, பசை அப்பி, பார்க்கவே சகிக்காமல் கிடந்தது. மெஷினை வைத்து ஒரு முழ அகலம் மட்டும் இழைத்தேன். மரத்தூளை ஊதிவிட்டு, ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்தேன். செம்பழுப்பு நிறம் அப்படியே மேலே ஏறி வந்தது. உள்ளே பொடிப் பொடியாக மஞ்சள் புள்ளி, மஞ்சள்தூளை ஊசி முனையால் வைத்த மாதிரி. அந்தப் புள்ளிதான் மெர்பாவுக்கு அடையாளம். துணியில் மரத்தின் சாயம் தேநீர் நிறத்தில் ஒட்டியிருந்தது. அந்தப் பையன் முழங்காலில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். அவர் அம்மா தவழ்ந்த தரை அது. டைல்ஸ் யோசனை அதோடு போனது.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கட்டிய தாமான் வீடுகளில் இப்படித் தரைகள் நிறையக் கிடக்கின்றன. கார்ப்பெட்டுக்கும் லினோலியத்துக்கும் கீழே தூங்குகின்றன. தயவுசெய்து பெயர்க்கும் முன்பு ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள். ஏற்கனவே வீட்டில் இருக்கும் மரத்தை விட நமக்குப் பக்கத்தில் கிடைக்கும் மரம் வேறு எது? பழைய கடைவீடுகளை இடிக்கும்போது வரும் செங்கால், பாலாவ் பலகைகளும் அப்படித்தான். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் பழைய மரம் விற்கும் கடைகள் இருக்கின்றன. ஆணியைப் பிடுங்கி, இழைத்து, மறுபடி பதிக்கக் கூலி கூட ஆகும். ஆகட்டும். ஒன்று மட்டும் கவனம்: பழைய ரயில் தண்டவாளக் கட்டைகளை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். கிரியோசோட் எண்ணெய் ஏற்றிய கட்டை அது, வாடையும் போகாது, உடம்புக்கும் ஆகாது.

இனி ரப்பர் மரம். இதை எழுதத்தான் இத்தனை நாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நான் பிறந்தது கோல சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில். அம்மா பால்மரம் வெட்டினவர், அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய், நிரை பிடித்து வெட்டி, மங்கு மங்காகப் பால் சேர்த்து, தோள்கட்டையில் தொங்கும் காண்டா வாளி தூக்கிக் கொண்டுவந்து எடை போட்டவர். பள்ளி விட்டதும் நாங்கள் ஒட்டுப்பால் பொறுக்குவோம். வெயிலில் ரப்பர் காய் டப்பென்று வெடிக்கும், கொட்டையை எடுத்துச் சிமெண்டில் தேய்த்துச் சூடாக்கி அடுத்தவன் கையில் வைப்போம். மரம் பால் வற்றி மறுநடவுக்கு வந்ததும், டிராக்டர் வைத்துத் தள்ளிக் குவித்து எரித்தார்கள். எங்கள் லயம் மூன்று நாள் புகைக்குள் கிடந்தது. அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். இருபது வருடத்துக்கும் மேலாகத் தினம் தினம் தொட்ட மரங்கள். அந்தக் காலத்தில் ரப்பர் மரம் விறகுக்குத்தான் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். பால் ஷீட்டைப் புகை போட்டுக் காயவைக்கவும், செங்கல் சூளைக்கும் அதுதான் எரிந்தது.

அப்புறம்தான் அந்த மரத்தைப் பலகையாக்கும் முறை பிடிபட்டது. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். வெட்டிப் போட்டுவிட்டால் சில நாளிலேயே நீலக்கறுப்பாகப் பூஞ்சை ஏறும், துளைக்கிற வண்டு வரும். உடனே அறுத்து, போரான் மருந்தை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் உலர்த்தினால் நிற்கும். அந்தப் பக்குவம் கைவந்த பிறகு, எண்பதுகளிலிருந்து, நம் நாட்டு மரச்சாமான் தொழிலையே தாங்குகிற மரமாக அது ஆகிவிட்டது. ஜொகூர் மூவாரில் செய்து உலகம் முழுக்கப் போகிற கட்டிலும் மேசையும் பெரும்பாலும் ரப்பர் மரம்தான். 1877-இல் கோலகங்சாரில் நட்ட முதல் கன்றுகளில் ஒரு மரம் இன்னும் அங்கே நிற்கிறது. அந்தக் கன்றுகளுக்குப் பின்னால் வந்த தோட்டங்களுக்காகத்தான் நம் தாத்தா பாட்டிகளைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள்.

காட்டுக்கும் இந்த மரத்தால் நன்மை இருக்கிறது. பால் வெட்டும் தோட்டங்களில் ரப்பர் மரத்தைப் பாலுக்காகத்தான் நட்டார்கள், பலகைக்காக இல்லை. 25, 30 வருடம் பால் கொடுத்துவிட்டு எப்படியும் விழப் போகிற மரம். அதைத் தரையாக்கினால் அந்த அளவுக்குக் காட்டு மரம் தேவைப்படாது. தரைக்கு வரும்போது சிறு துண்டுகளை விரல் கோத்த மாதிரி இணைத்துப் பலகையாக்கி வரும். பாலாடை நிறம், லேசான சிவப்பு ஓடும். கெம்பாஸ் அளவுக்குக் கடினம் கிடையாது, கூர்மையான குதிகால் செருப்பு பட்டால் தடம் விழும். ஈரத்துக்கும் கரையானுக்கும் ஆகாது. அதனால் சமையலறை, குளியலறை வாசல், தரைவீட்டில் மண் ஈரம் ஏறும் இடம், இங்கெல்லாம் போடாதீர்கள். மாடியில் படுக்கையறைக்குப் போடுங்கள், அருமையாக இருக்கும். ஒரே ஒரு வேண்டுதல்: அதற்கு வால்நட் சாயம் பூசி வால்நட் என்று விற்காதீர்கள். நம் பாட்டிமார் வெட்டிய மரம் அதன் சொந்தப் பெயரோடு நம் வீட்டுக்குள் வரட்டும்.

உங்களில் சிலர் கேட்கக்கூடும்: உள்ளூர் மரம் என்றால் நம் காட்டைத்தானே வெட்டச் சொல்கிறீர்கள் என்று. நியாயமான கேள்வி. 2021 டிசம்பர் வெள்ளத்தில் பகாங்கில் காராக் பக்கம் மரக்கட்டைகள் அடித்துக்கொண்டு வந்து வீடுகளின் மேல் குவிந்ததை நாம் எல்லாரும் பார்த்தோம். கிளந்தான் குவா மூசாங்கில் தெமியார் பழங்குடி மக்கள் தங்கள் காட்டுக்காக மறியல் போட்டு நின்றதையும் பார்த்தோம். "உள்ளூர்" என்ற ஒரு சொல் போதாது. அதனால்தான் தாள் கேட்கச் சொல்கிறேன்.

மலேசிய மரச் சான்றளிப்பு மன்றம், எம்டிசிசி, 1998-இல் தொடங்கியது. அதன் சான்றுத் திட்டத்தை 2009-இல் பிஇஎஃப்சி என்ற அனைத்துலக அமைப்பு ஏற்றுக்கொண்டது. எஃப்எஸ்சி என்ற இன்னோர் அனைத்துலக அமைப்பின் சான்றும் உண்டு. விற்பவர் விளம்பரத் தாளில் முத்திரை போட்டிருப்பதைப் பார்த்து நின்றுவிடாதீர்கள். காட்டிலிருந்து ஆலை, ஆலையிலிருந்து கடை என்று கைமாறும் ஒவ்வொருவரிடமும் சான்று இருந்தால்தான் அந்தப் பலகை சான்று பெற்ற பலகை. ஆகவே உங்களுக்கு வரும் இன்வாய்ஸிலேயே அந்தப் பலகைக்கு நேராகச் சான்று விவரமும் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் கேளுங்கள். முதல் தடவை கேட்டபோது என்னிடம் ஒரு கடைக்காரர், "இதையெல்லாம் யாரும் கேக்கிறதில்லை" என்றார். மாதத்துக்கு நாற்பது வீடு செய்கிற நீங்கள் எல்லாரும் கேட்டால் அவர் வைத்துக்கொள்வார். என் ஒருவனுக்காக வைக்க மாட்டார்.

மரத்தின் பெயரிலேயே சந்தேகம் வந்தால் கெப்போங் இருக்கிறது. அங்கே வன ஆய்வுக் கழகத்தில் ஒரு துண்டைக் கொடுத்தால், குறுக்கு வெட்டைப் பார்த்து இன்ன மரம் என்று சொல்லிவிடுவார்கள். 1929-லிருந்து மரத்தை ஆராய்கிற இடம். பெரிய வேலை என்றால் அந்தச் செலவு செய்யத் தகும்.

நம் வீடுகளுக்கே உரிய சில விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன், கடைக்காரர்கள் இதைச் சொல்லமாட்டார்கள். நம் வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. மரத்தரைக்கு அது ஆகாது, நன்றாகப் பிழிந்த துணி போதும் என்று அம்மாமார்களிடம் நீங்களே உட்கார்ந்து சொல்லுங்கள். பூசை மேடைக்கு முன்னால் இரண்டடிக்கு டைல்ஸோ கல்லோ பதித்துவிடுங்கள், குத்துவிளக்கு எண்ணெயும் குங்குமமும் மரத்தில் ஏறினால் லேசில் போகாது. புதுமனை புகும்போது பால் பொங்க வைப்பது சமையலறையில் நடக்கட்டும். கணபதி ஹோமம் வைக்கிறார்கள் என்றால், செங்கல்லை நேரே பலகைமேல் அடுக்க விடாதீர்கள். அடியில் தகடும் மணலும் கனமாகப் போட்டாலும் சூடு இறங்கும். பத்து நாள் முன்பு போட்ட தரையில் கைப்பிடி அகலத்துக்குக் கருகிய தடத்தை நான் இழைத்து எடுத்திருக்கிறேன். ஐயர் வரும் முன்பே இடத்தைப் பேசி வைத்துவிட்டால் ஒரு சிக்கலும் இல்லை.

வேலையில் நீங்கள் அவசரப்படுத்தக் கூடாதது ஒன்றுதான்: காத்திருப்பு. பலகையைக் கொண்டுவந்து அந்த அறையிலேயே அடுக்கி ஒரு வாரமாவது, முடிந்தால் இரண்டு வாரம், இருக்க விடுங்கள். தளத்தில் ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அடியில் நீர் பூத்திருந்தால் தளம் இன்னும் காயவில்லை. சுவரோரம் 10 மில்லிக்குக் குறையாமல் இடம் விடுங்கள், சுவரடியில் அடிக்கும் ஸ்கர்டிங் பட்டை அதை மறைத்துவிடும். தீபாவளிக்குள் முடித்துக் கொடு என்று வீட்டுக்காரர் நெருக்குவார், எனக்கும் தெரியும். செப்டம்பரிலேயே தொடங்கச் சொல்லுங்கள்.

என் பட்டறையில் ஒரு மேசைமேல் ஐந்து மரமும் வெட்டி வைத்திருக்கிறேன்: செங்கால், பாலாவ், மெர்பாவ், கெம்பாஸ், ரப்பர். பக்கத்தில் ஒரு ஈரத்துணி. ஞாயிறு காலையில் நான் அங்கேதான் இருப்பேன். வாடிக்கையாளரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஒவ்வொன்றையும் கையில் தூக்கிப் பார்க்கட்டும், துடைத்துப் பார்க்கட்டும், மோந்து பார்க்கட்டும். எது பிடிக்கிறதோ, அதன் பெயரை நீங்கள் கொட்டேஷனில் எழுதுங்கள்.

அன்புடன்,
செந்தூலிலிருந்து உங்கள் தரைப்பலகை அண்ணன்